மின்மினி இன்னும் பதில் சொல்கிறது

போன திங்கட்கிழமை காலை. பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. திருமானூரிலிருந்து மல்லிகா டீச்சர். இந்தப் பக்கத்தின் நெடுநாள் வாசகி.

"சார், ஒங்க பஸ் டைம் சைட்ட தொறந்தா ஒரே செவப்பா வருது சார்."

"செவப்பான்னா?"

"திருடனுங்க ஒங்க தகவல திருடப் பாப்பாங்க, உள்ள போவாதீங்கன்னு போட்டிருக்கு. எங்க வூட்டுக்காரரு கேக்குறாரு... ஏன் டீச்சர், ஒங்க எழுத்தாளரு இந்தத் தொழிலுக்கும் வந்துட்டாரான்னு."

வாயில் நுரையோடு கம்ப்யூட்டரைத் திறந்தேன். டீச்சர் சொன்னது சரிதான். திரை முழுக்கச் சிவப்பு. எங்கள் சைட்டில் இருப்பதெல்லாம் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து பஸ் நேரங்கள். அதில் எதைத் திருடுவான் திருடன்? ஆறு நாற்பது திருமானூர் பஸ்ஸையா?

'எங்கள் சைட்' என்று எழுதிவிட்டேன், கவனித்தீர்களா? எட்டு வருடமாக 'என் சைட்' என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கை மறக்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சைட் நானும் ஜமாலும் சேர்ந்து செய்தது. ஜமால் வாலிகண்டபுரத்துக்காரன். ஒரு காலத்தில் காலையில் கடை திறப்பதிலிருந்து ராத்திரி ஷட்டர் இழுப்பது வரை ஒன்றாகவே இருந்தவர்கள் நாங்கள். இப்போது எட்டு வருடமாகப் பேச்சு இல்லை. எங்களுக்குள் மிச்சமிருந்தது அந்தச் சைட் ஒன்றுதான். அதுவும் சிவந்துபோனால் பிறகு என்ன இருக்கிறது?

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம், ஜூஸ் கடை மாடியில், 'மின்மினி பிரவுசிங் சென்டர்' என்று ஒன்று இருந்தது. உங்களில் யாராவது அதில் உட்கார்ந்திருக்கலாம். ஆறு கம்ப்யூட்டர். நடுவில் பிளைவுட் தடுப்பு. செருப்பை வெளியே விட்டுவிட்டு வர வேண்டும், கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று எங்களுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். இன்டர்நெட் கிடைப்பதற்கு முன் மோடம் ஒரு நிமிடம் கிறீச்சிடும். அந்தச் சத்தம் நின்று அமைதியானால் உலகம் வந்துவிட்டது என்று அர்த்தம்!

ப்ளஸ் டூ ரிசல்ட் நாளில் மாடிப்படியில் ஆரம்பிக்கும் வரிசை ஜூஸ் கடையைத் தாண்டும். நம்பரைத் தட்டுவது ஜமால். பேப்பரில் எழுதிக்கொடுப்பது நான். ஜமாலின் முகத்தைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. பாஸ் என்றாலும் அதே முகம், ஃபெயில் என்றாலும் அதே முகம். ஆனால் எனக்குத் தெரியும். ஃபெயிலான பையனிடம், "ஜூஸ் கடையில தண்ணி குடிச்சிட்டு வா, அதுக்குள்ள சர்வர் வந்துரும்" என்பான். சர்வர் ஏற்கெனவே வந்திருக்கும். பையனோடு வந்த அப்பாவிடம் தனியாகச் சொல்லிவிட்டு, அடிக்க மாட்டேன் என்று வாக்கு வாங்கிய பிறகுதான் பையன் மேலே வர முடியும். எதையும் நேராகச் சொல்லும் ஆள் இல்லை அவன். சுற்றி வளைத்து, எங்கேயோ வைத்துவிட்டுப் போவான். நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பஸ் டைம் யோசனையும் அவனுடையதுதான். சென்டருக்குள் எட்டிப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் கேட்பது இன்டர்நெட் இல்லை. "தம்பி, அரியலூர் பஸ்ஸு எப்ப?" என்பதுதான்.

"மாப்ள, இதையே நெட்ல போட்டுருவோம்டா" என்றான் ஜமால்.

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டாகப் போனோம். அது ஒரு தனி அனுபவம். வரும் பஸ், போகும் பஸ் எல்லாவற்றையும் இரண்டு பேர் நின்று குறித்துக்கொண்டிருந்தால் சந்தேகம் வராதா? அரியலூரில் டைம் கீப்பர் எங்களைக் கூப்பிட்டு, "எந்த முதலாளி அனுப்பிச்சாரு?" என்றார். ரூட்டில் போட்டிக்கு வண்டி விடப்போகிறவனின் ஒற்றர்கள் என்று முடிவே கட்டிவிட்டார். ஒரு தனியார் பஸ் கண்டக்டர் இதற்கும் ஒரு படி மேலே போய், "எங்களுக்கு முன்னாடி போற வண்டிய மட்டும் ஒரு அஞ்சு நிமிஷம் தள்ளிப் போட்டுருங்க தம்பி. ஒங்க ரெண்டு பேருக்கும் ஆயுசுக்கும் டிக்கெட் கெடயாது" என்றார். "ஆயுசுக்கெல்லாம் வேணாம்ணே, கல்லங்குறிச்சி தேர் வரைக்கும் போதும்" என்று ஜமால் பேரம் பேச ஆரம்பித்துவிட்டான். நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

கல்லங்குறிச்சித் தேருக்கும் போனோம். சிறப்பு பஸ்களைக் கணக்கெடுக்க. வெயிலில் அவன் நிற்பான், நான் மோர்ப் பந்தலில் நிற்பேன். சாயங்காலம் அவன் முகம் கருத்துப்போயிருந்தது. எனக்கு வயிறு நிறைந்திருந்தது. அந்த நாட்களுக்காக இன்றைக்கும் மனம் ஏங்குகிறது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே ஏங்குகிறது.

அப்புறம் எல்லோர் கையிலும் போன் வந்தது. மின்மினி மூடப்பட்டது. நான் எழுதப் போனேன், அரியலூரில் குடியேறினேன். ஜமால் ஊரிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலைகளைச் செய்துவந்தான். சைட் மட்டும் ஓடிக்கொண்டேயிருந்தது.

சரி, சிவப்புக்கு வருவோம்.

காரணம் எளிது. ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். அதற்குக் கொஞ்ச நாள்தான் ஆயுள். முடிந்ததும் புதிது வாங்க வேண்டும். எங்களுடையது ஞாயிற்றுக்கிழமையோடு காலாவதி. இத்தனை நாள் அதை யார் புதுப்பித்தார்கள்? சைட்டுக்கு இடம் வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் கம்பெனிக்காரர்கள் தாங்களாகவே செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வருடத்துக்கு ஒரு தடவை சைட் பெயரைப் புதுப்பிப்பேன். அதோடு என் கடமை முடிந்தது.

இந்தச் சான்றிதழ் கொடுப்பவர்கள் விநோதமானவர்கள். ஆதார் கேட்பதில்லை. ரேஷன் கார்டு கேட்பதில்லை. 'இந்தப் பெயர் உன்னுடையதா? சரி, ஒரு சீட்டு தருகிறேன். உன் வீட்டில் நான் சொல்லும் இடத்தில் அதை ஒட்டு. நான் வந்து பார்க்கிறேன்' என்கிறார்கள். அவ்வளவுதான். சீட்டு என்பது தலையும் புரியாத வாலும் புரியாத எழுத்து வரிசை. வீடு என்பது டி.என்.எஸ். இந்தப் பெயரைத் தேடி வருகிறவர்களுக்கு வழி சொல்லும் பதிவேடு அது. ஒரு ஃபைலை வைத்துக் காட்டும் சுலபமான வழியும் இருக்கிறதாம். ஆனால் நாங்கள் பெரம்பலூருக்கு ஒன்று, அரியலூருக்கு ஒன்று, திருமானூருக்கு ஒன்று என்று ஊருக்கொரு கிளைப் பெயர் வைத்திருந்தோம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சான்றிதழ் என்றால் சீட்டு ஒட்டியே ஆக வேண்டும்.

ஒட்டினேன். ஹோஸ்டிங் அக்கவுண்ட்டில் நுழைந்து, டி.என்.எஸ் என்று போட்டிருந்த இடத்தில், அவர்கள் கொடுத்த பெயரை அப்படியே காப்பி செய்து, எழுத்து வரிசையையும் போட்டு, சேமித்தேன். சோதித்தேன். 'ரெக்கார்டு கிடைக்கவில்லை.'

ஒரு மணி நேரம் முறைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. பெயர்ப் பெட்டியில் நான் சைட்டின் முழுப் பெயரையும் எழுதியிருந்தேன். அந்தப் பெட்டி தன் பங்குக்கு இன்னொரு முறை அதே பெயரைப் பின்னால் சேர்த்துக்கொண்டது. அப்பா பெயரை இனிஷியலாக இரண்டு தடவை போட்ட மாதிரி. 'ரா.ரா. அன்பழகன்' என்று தேடினால் என்னை யார் கண்டுபிடிப்பார்கள்?

திருத்தினேன். மறுபடியும் சோதனை. மறுபடியும் 'கிடைக்கவில்லை.' நெட்டில் தேடினால் ஆளாளுக்கு ஒரே வைத்தியம்தான் சொல்கிறார்கள். பொறுமையாக இருங்கள், மாற்றம் நெட் முழுக்கப் பரவ நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகலாம். இருந்தேன். செவ்வாய் போனது. புதன் வந்தது. தினம் காலையில் மல்லிகா டீச்சர் மட்டும் போனில் தவறாமல் வந்தார்.

"இன்னும் செவப்புதான் சார். நேத்து பஸ்ஸ வுட்டுட்டேன். ஹெச்.எம். கிட்ட ஒங்க பேரத்தான் சொன்னேன்."

இதற்கு மேல் தாங்காது என்று ஹோஸ்டிங் கம்பெனிக்கு போன் போட்டேன். கோயம்புத்தூரிலிருந்து கவிதா என்று ஒரு பெண் பேசினார். இரண்டு நிமிடம் ஏதோ தட்டிப் பார்த்தார்.

"சார், நீங்க சீட்டு ஒட்டுன எடம் வேறங்க. அவங்க வந்து பாக்கற எடம் வேறங்க."

"என் அக்கவுண்ட்லதானேம்மா ஒட்டினேன்?"

"ஒங்க அக்கவுண்ட்தானுங்க. ஆனா ஒங்க சைட்டுக்கு வழி சொல்றது நாங்க இல்லீங்களே. வேற ஒரு நேம் சர்வர் சொல்லுதுங்க. இங்க நீங்க எத்தன நாள் ஒட்டி வெச்சாலும் ஒருத்தரும் வந்து பாக்க மாட்டாங்க."

அப்படியானால் நான் பரவக் காத்திருந்த நாற்பத்தெட்டு மணி நேரம்? ஆள் குடியில்லாத வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

"இன்னொன்னுங்க சார். இவ்வளவு நாளா சான்றிதழ் வாங்குனதும் நாங்க இல்லீங்க. எங்க சர்வர்ல யாரோ ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வெச்சிருக்காங்க. நாள் நெருங்குனா அதுவே போயி சீட்ட ஒட்டி, சான்றிதழ வாங்கி, சீட்டக் கிழிச்சுப் போட்டுட்டு வந்துருதுங்க. போன மாசம் சர்வர அப்கிரேட் பண்ணுனோம். அதுல அது நின்னுபோச்சுங்க."

"அந்த ஸ்கிரிப்ட் எப்ப எழுதினது?"

"தேதி பாத்தா... ஆறு வருசம் ஆச்சுங்க."

ஆறு வருடம்! நாங்கள் பேச்சை நிறுத்தி எட்டு.

"அந்த நேம் சர்வர் பேரு என்னம்மா?"

"என்.எஸ் ஒன்னு, மின்மினி... அப்புறம் என்.எஸ் ரெண்டு, மின்மினி. அது ஏதாவது கம்பெனிங்களா சார்?"

மின்மினியின் போர்டைக் கழற்றிய அன்று அதைக் கீழே இறக்கும்போது என் கட்டைவிரல் நசுங்கியது. அந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். ஆனால் யாரோ ஒருவர் திருமானூரில் பஸ்ஸுக்காக எங்கள் சைட்டைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும், அந்தக் கேள்வி முதலில் மின்மினியிடம்தான் போகிறது. மின்மினி வழி சொல்கிறது. இத்தனை வருடமும் ஜமால் அதை மூடவே இல்லை.

"அது கம்பெனி இல்லம்மா. என் ஃபிரண்டு" என்றேன்.

"அப்ப ரொம்ப ஈஸிங்க. அவருகிட்ட சொல்லி ஒரு வரி சேத்துவுடச் சொல்லுங்க."

"பேசுறதில்ல."

கவிதாவே வேறொரு வழி சொன்னார். சைட் பெயர் என் கையில் இருப்பதால், நேம் சர்வரை மின்மினியிலிருந்து எடுத்து அவர்கள் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம். அஞ்சு நிமிட வேலை. ஜமாலைக் கேட்கவே வேண்டாம். அதன் பிறகு அந்தச் சைட்டுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது.

நிஜமாகவே 'என் சைட்' ஆகிவிடும்.

இங்கே எட்டு வருடத்துக்கு முந்தைய கதையைச் சொல்லியாக வேண்டும். என் மகள் கல்யாணம். பத்திரிகை கொடுக்கப் பட்டியல் போட்டோம். நேரில் போய்க் கொடுப்பவர்கள் ஒரு பக்கம், தபாலில் அனுப்புவது ஒரு பக்கம். என் மனைவி தனம் 'நேரில்' பக்கத்தில் முதல் பெயராக ஜமாலை எழுதியிருந்தாள். நான்தான் அடித்தேன்.

"ஜமாலுக்கு எதுக்கு? அவன் நம்ம ஆளு. வாட்ஸப்புல ஒரு போட்டோ அனுப்பிச்சா வந்து பந்தி பரிமாறுவான். தபால்லயும் ஒண்ணு போட்டு வைப்போம்."

"வேணாங்க. ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம். தட்டு வெச்சுக் குடுத்தாத்தான் மரியாத."

"அவனுக்கும் எனக்கும் நடுவுல என்ன மரியாத?"

நன்றாகக் கேட்டேன், இல்லையா? இனிப்பு, பூ, பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் தட்டில் வைத்து இரண்டு பேருமாக யார் வீட்டுக்கெல்லாம் போனோம் தெரியுமா? பேங்க் மேனேஜர், தாலுகா ஆபீஸில் ஒருவர், ஒரே ஒரு தடவை மேடையில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பிரமுகர். யார் வரமாட்டார்களோ அவர்கள் வீட்டுக்கெல்லாம் படியேறினோம். வருவான் என்று தெரிந்தவனுக்கு ஸ்டாம்ப் ஒட்டினேன். நம் ஊர்களில் இந்தத் தப்பு நடக்காத கல்யாணம் உண்டா? மிக நெருங்கியவர்தான் பட்டியலில் விட்டுப்போவார்.

ஜமால் கல்யாணத்துக்கு வரவில்லை. எனக்குக் கோபம். என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மின்மினி படியேறியவன், அவள் கல்யாணத்துக்கு வரவில்லையே! போன் செய்தானா? இல்லை. நானும் செய்யவில்லை. அவன் பேசட்டும் என்று நான். நான் பேசட்டும் என்று அவன். எட்டு வருடம் இப்படித்தான் போனது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இரண்டு பஸ் தூரம்தான்.

அந்தக் கோபம் புதன்கிழமை வரை அப்படியேதான் இருந்தது. அதனால்தான் கவிதாவிடம், "மாத்திருங்கம்மா" என்றேன்.

"சரிங்க. மாத்தறதுக்கு முன்னாடி பழைய பதிவேட்டுல என்னென்ன இருக்குதுன்னு ஒரு காப்பி எடுத்துக்கறேங்க. இல்லாட்டி மெயில் வராம போயிரும்." தட்டும் சத்தம் கேட்டது. "சைட் முகவரி... மெயில்... ஊர்க் கிளைங்க... டெக்ஸ்ட் ரெக்கார்டு மூணு இருக்குதுங்க. ரெண்டு மெயிலுக்கு. மூணாவது..."



"மூணாவது என்னம்மா?"

"அது ரெக்கார்டு மாதிரி தெரியலீங்க சார். இங்கிலீஷ் எழுத்துல தமிழ் எழுதியிருக்குதுங்க. டெக்ஸ்ட் ரெக்கார்டுல எது வேணாலும் எழுதலாங்க, உலகத்துல யாரு வேணாலும் படிக்கலாம். ஆனா இப்படி நான் பாத்ததில்லீங்க. படிக்கட்டுங்களா?"

"படிங்க."

எழுத்துக் கூட்டி, நிதானமாக, கஸ்டமர் கேர் குரலில் படித்தார்.

"அன்பு... இதப் படிச்சா வூட்டுக்கு வா. தபால்ல வராத."

இத்தனை நாளாக என் சைட்டின் கதவிலேயே எழுதியிருக்கிறது. உலகத்தில் எவன் வந்து கேட்டாலும் மின்மினி அதை எடுத்துக் காட்டியிருக்கும். கேட்காதவன் நான் ஒருவன்தான்.

"சார், லைன்ல இருக்கீங்களா? இதையும் காப்பி பண்ணட்டுங்களா?"

"ஒண்ணும் பண்ணாதீங்கம்மா. எதையும் மாத்த வேணாம்."

போனை வைத்துவிட்டுத் தனத்திடம் சொன்னேன். 'நான் அப்பவே சொன்னேன்' என்பாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. "நாளைக்கு நானும் வரேன். இந்தத் தடவ ரெண்டு பேருமாத்தான் போவணும்" என்றாள்.

வியாழக்கிழமை காலை அரியலூரிலிருந்து பெரம்பலூர் போய் இறங்கினோம். வாலிகண்டபுரத்தில் எக்ஸ்பிரஸ் வண்டி நிற்காது. டவுன் பஸ்தான். சிவப்பை மீறி என் சைட்டைத் திறந்து பார்த்தேன். பத்து இருபதுக்கு ஒரு பஸ் என்று போட்டிருந்தது. நின்றோம். பத்து இருபது போனது. பத்தரை போனது. பக்கத்தில் பூக்காரம்மா ஒருவர், "அந்த பஸ்ஸா? அதெல்லாம் எப்பவோ நிறுத்திட்டாங்களே" என்றார். தனம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. முக்கால் மணி நேரம் கழித்து வேறொரு பஸ் வந்தது.

கதவைத் திறந்தது ஜமால்தான். தாடி முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்தான், பின்னால் பழப் பையோடு நின்ற தனத்தைப் பார்த்தான். அதே முகம். பாஸா ஃபெயிலா என்று கண்டுபிடிக்க முடியாத முகம்.

"எந்த பஸ்ஸுல வந்த?"

"பத்து இருபதுன்னு போட்டிருந்துச்சு..."

"அது நின்னு மூணு வருஷம் ஆச்சுடா. எவன்டா சைட்டப் பாத்துக்கறது?"

இதுதான் எட்டு வருடத்துக்குப் பிறகு எங்கள் முதல் பேச்சு. தனம் சிரித்துவிட்டாள். உள்ளேயிருந்து ஜமாலின் மனைவி ஃபரிதா ஓடி வந்தார். "வாங்கண்ணே, வாங்கக்கா" என்று தனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே அழைத்துப் போனார். கையை நீண்ட நேரம் விடவில்லை.

ஜமால் லேப்டாப்பை எடுத்தான். நான் போனில் இருந்த எழுத்து வரிசையைக் காட்டினேன். தட்டினான். சேமித்தான்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாப்பத்தெட்டு மணி நேரம்."

"பொய் சொல்றாருண்ணே" என்று அடுப்படியிலிருந்து ஃபரிதாவின் குரல் வந்தது. "அஞ்சு நிமிஷத்துல வந்துரும். ஒங்கள சாப்புட வெக்கத்தான் அப்புடி சொல்றாரு."

அஞ்சு நிமிடம் இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முகத்தைப் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

"தப்பு என்னுதுதான்டா" என்றேன். "நேர்ல வந்திருக்கணும்."

அவன் திரையை ஒரு தடவை ரீஃப்ரெஷ் செய்தான்.

"அத எப்ப எழுதுன?"

"எத?"

"டெக்ஸ்ட் ரெக்கார்ட."

"தபால் வந்த அன்னிக்கே. கல்யாணத்துக்கு இன்னும் பன்னண்டு நாளு இருந்துச்சு. அதுக்குள்ள நீ வந்துருவன்னு நெனச்சேன்."

"டி.என்.எஸ்ஸ நான் எங்கடா பாக்கப் போறேன்? எனக்கு அதெல்லாம் தெரியாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சுதான் எழுதுனேன்." லேப்டாப்பின் ஓரத்தை விரலால் துடைத்தான். "சொல்லாம இருக்க முடியல மாப்ள. ஒங்கிட்ட வந்து சொல்லவும் முடியல. என்னத்தப் பண்ணச் சொல்ற?"

"அப்புறம் எதுக்குடா அந்த ஸ்கிரிப்ட்?"

"நம்ம சைட்டுடா அது. கோவம் ஒம்மேலதான, பஸ்ஸு மேலயா?"

நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஐம்பது வயதுக்கு மேல் அழுதால் சளி பிடித்துவிட்டது என்று சொல்லிச் சமாளிக்கலாம். சமாளித்தேன்.

"ஞாயித்துக்கெழம செவப்பானது எனக்கும் தெரியும்" என்றான். "சரி பண்ணலாம்னு ஒக்காந்தேன். அப்புறம் வுட்டுட்டேன். எத்தன நாள்ல நீ தேடிட்டு வர்றன்னு பாப்போம்னு."

"மல்லிகா டீச்சர் பாவம்டா."

"அது யாரு?"

சொன்னேன். அவனுடைய முகம் முதல் தடவையாக மாறியது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் திரையில் 'சரிபார்க்கப்பட்டது' என்று வந்துவிட்டது. சான்றிதழ் வந்தது. சிவப்பு போனது. அதை நாங்கள் இரண்டு பேருமே அப்புறம்தான் கவனித்தோம்.

சாப்பிட்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டாகப் போய் நேரங்களைத் திரும்ப எடுப்பது என்று முடிவானது. மோர்ப் பந்தல் இந்த முறை அவனுக்காம்.

கிளம்பும்போதுதான் பார்த்தேன். அலமாரித் தட்டில் புதுப் பத்திரிகைக் கட்டு. அவன் மகள் நிக்காஹ். அடுத்த மாதம். கட்டின் மேலே இருந்த முதல் உறையில் என் பெயரும் தனத்தின் பெயரும் எழுதியிருந்தன. நாங்கள் வந்த பிறகு எழுதியது இல்லை. எழுதி எத்தனையோ நாள் ஆகியிருக்க வேண்டும், மேலே லேசாகத் தூசி படிந்திருந்தது.

நான் கையை நீட்டினேன். "குடுடா. அதான் ரெண்டு பேருமா வந்திருக்கோம்ல."

ஜமால் அந்தக் கட்டை எடுத்து உள்ளே வைத்து அலமாரிக் கதவைச் சாத்தினான்.

"வந்த எடத்துல குடுத்தா அது பத்திரிகையா? நானும் ஃபரிதாவும் வர்ற வியாழக்கெழம அரியலூரு வர்றோம், இன்ஷா அல்லாஹ். வூட்டுல இரு."

ஆகவே வாசகர்களே, வருகிற வியாழக்கிழமை கூட்டம், விழா, வாழ்த்துரை என்று எதற்கும் என்னைக் கூப்பிடாதீர்கள் — நான் வீட்டில் இருக்க வேண்டும்.